வாழையடி வாழை: ஓர் உவமையின் உண்மை

கெடா மாநிலத்தில் தமிழர் திருமணம் நடைபெறும் மண்டபம் எதுவாயினும் அதன் வாயிலில் இரண்டு வாழைமரங்கள் நிற்கும். உள்ளே மேடையில் வாழ்த்த எழுவோரின் நாவில் மூன்றாவது வாழை ஒன்று நிற்கும். மணமக்கள் வாழையடி வாழையாக வாழவேண்டும் என்பர். பள்ளி ஆண்டு மலரைப் புரட்டினால் அங்கும் இத்தொடர் உண்டு. கோயில் திருப்பணி மலரிலும் உண்டு. மூன்று தலைமுறையாகப் பால்மரம் சீவிய குடும்பத்துப் பெரியவர் ஒருவர் மறைந்தால், இரங்கற் குறிப்பிலும் இது தவறாது இடம்பெறும். சுங்கை பட்டாணியிலும் கூலிமிலும், பீடோங்கிலும் பாடாங் செராயிலும், வடக்கே கோலா கெடாவின் மீன்துறையிலும் இதன் பொருள் ஒன்றே: குலம் அறாமல் தொடர்க என்பது.

ஓர் உவமை இத்துணை பேருக்கு இத்துணைக் காலம் பயன்பட்டு வருகிறது என்றால் அதில் உண்மை இருத்தல் வேண்டும். ஆனால் எத்தகைய உண்மை? வாழ்த்துவோர் வாழையைக் கூர்ந்து பார்ப்பதில்லை. வீட்டின் பின்புறம் வாழை நிற்கிறது. அதன் அடியில் கன்று முளைக்கிறது. இவ்வளவு போதும் என்று கருதிவிடுகின்றனர். உவமையைப் பொருளோடு வைத்து உரைத்துப் பார்ப்பது திறனாய்வின் முதற்கடமைகளுள் ஒன்று. பழந்தமிழ்ப் புலவர் செடியையும் கொடியையும் கண்ணாற் கண்டு பாடினர். அதனாலேயே அவர்தம் உவமைகள் இன்றும் பொய்க்கவில்லை. இன்று மேடைதோறும் வழங்கும் வாழை உவமை மெய்யா, பொய்யா என்பது ஆராயத்தக்கது.

இது வெறுஞ் சொல்லாராய்ச்சி அன்று. ஒரு சமுதாயம் தன்னை எந்தச் செடியாக எண்ணிக்கொள்கிறதோ, அந்தச் செடிக்குரிய எதிர்பார்ப்பையே தன் பிள்ளைகள்மீது வைக்கிறது. பால்மரத் தோட்டங்கள் பல செம்பனைத் தோட்டங்களாகவும் வீட்டுமனைகளாகவும் மாறிவிட்ட கெடாவில், எந்தச் செடியைப் போல் தழைப்பது என்பது உண்மையான கேள்வியே ஆகும்.

வாழையின் இயல்பு

வாழைமரம் என்பது வழக்கு. உண்மையில் அது மரம் அன்று. நிமிர்ந்து நிற்கும் தண்டு, இலைகளின் அடிப்பகுதிகள் ஒன்றையொன்று சுற்றி இறுகியதால் ஆன பொய்த்தண்டு. மெய்யான தண்டு மண்ணுக்குள் கிழங்காக இருக்கிறது. அக்கிழங்கின் பக்கங்களில் உள்ள மொட்டுகளே கன்றுகளாக மேலே வருகின்றன. ஒருமுறை தார் ஈன்ற தண்டு மறுமுறை ஈனாது, மடிந்துவிடும். மக்கள் உண்ணும் வாழை வகைகளுள் பெரும்பாலானவற்றில் முளைக்கத்தக்க விதையும் இல்லை. ஆகவே கன்று என்பது தாயின் பிள்ளை அன்று. தாயே மீண்டும் எழுந்து நிற்பது அது. பாட்டனும் தந்தையும் மகனும் பெயரனும் ஒரே வாழை. நிற்கும் இடம் மட்டுமே வேறு.

கன்றுகளிலும் இருவகை உண்டு. வாழை பயிரிடுவோர் அவற்றை ஈட்டிக் கன்று என்றும் நீர்க் கன்று என்றும் பிரிப்பர். ஈட்டிக் கன்றின் இலை முதலில் ஈட்டிபோல் குறுகி நிற்கும். அது தாய்க்கிழங்கோடு உறுதியாக இணைந்து, தாயிடமிருந்து உணவு பெற்று, அடி பருத்தபின் இலை விரிக்கும். நீர்க் கன்றோ தொடக்கத்திலேயே அகன்ற இலை விரித்து அழகாகத் தோன்றும். ஆனால் தாய்க்கிழங்கோடு அதன் இணைப்பு மேலோட்டமானது, அடி மெலிந்தது. அறிந்த உழவர் நடுவதற்கு ஈட்டிக் கன்றையே தேர்வர்.

இவ்வியல்புகளை வைத்து வாழ்த்தை மறுபடி படித்தால் என்ன தோன்றுகிறது? முதலாவது, வாழையடி வாழை என்பது புதியவர் பிறத்தல் அன்று. பழையவரே மறுபடி வருதல். இரண்டாவது, கன்று தன் விருப்பப்படி தொலைவு செல்லாது. தாயின் காலடியிலேயே எழும். தொலைவில் நடவேண்டுமானால் ஒரு மனிதன் மண்வெட்டியோடு வரவேண்டும். இவ்விரண்டையும் மனத்திற் கொண்டு தோட்ட வாழ்க்கையை எண்ணிப் பார்த்தால் உவமை அச்சந்தரும் அளவுக்குப் பொருந்தும். சீவுகத்தி பாட்டனிடமிருந்து தந்தைக்கும், தந்தையிடமிருந்து மகனுக்கும் வந்தது. ஒரே லயத்து வீட்டில், ஒரே நிரையில், அதே விடியற்கால வேலை. இடம் மாறியது எனின், தோட்ட நிருவாகம் பெயர்த்து நட்டதால் மாறியது. அந்த வாழையடி வாழையை வாழ்த்தென்று சொல்வதா, வேறேதேனும் சொல்வதா? இரங்கற் குறிப்பு எழுதுவோர் ஒரு கணம் நின்று எண்ணவேண்டிய இடம் இது.

ஒரே உருவின் பேறும் கேடும்

மாறாத உருவத்திற்கு ஒரு பேறு உண்டு. நல்ல வாழை ஒன்று கிடைத்தால், அதன் நன்மை ஒரு துளியும் குறையாமல் ஆயிரம் தோட்டங்களுக்குச் செல்லும். விதைவழி வந்தால் அந்த உறுதி இல்லை. ஆனால் அதே காரணத்தால் ஒரு வாழையைக் கொல்லும் நோய் எல்லா வாழைகளையும் கொல்லும். 20ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் உலக வாணிகத்தில் கோலோச்சிய குரோ மிஷெல் என்னும் வாழை, மண்ணில் வாழும் பூசணத்தால் வரும் பனாமா வாடல் நோயால் 1950களிலும் 1960களிலும் வாணிகத்திலிருந்து மறைந்தது. அதன் இடத்தைப் பிடித்த கேவண்டிஷ் வாழையும் தப்பவில்லை. அதே பூசணத்தின் புதிய வகை ஒன்று 1990களில் மலேசியாவிலும் இந்தோனேசியாவிலும் கேவண்டிஷ் தோட்டங்களை அழித்தது.

கெடாத் தமிழருக்கு வாழையினும் நெருங்கிய சான்று பால்மரமே. 1876இல் ஹென்றி விக்கம் பிரேசிலிலிருந்து ஏறத்தாழ 70,000 விதைகளை இலண்டன் கியூ தோட்டத்திற்குக் கொண்டு சென்றார். முளைத்தவை சில ஆயிரமே. 1877இல் சிங்கப்பூர் வந்து சேர்ந்த கன்றுகள் 22. மலாயாவின் பால்மரங்களுள் பெரும்பகுதி இச்சிறு தொகுதியின் வழிவந்தது. 1910களில் டச்சுக்காரர் ஆட்சியில் இருந்த கிழக்கிந்தியத் தீவுகளில் ஒட்டுக்கட்டும் முறை உருவாயிற்று. அதன்பின் மிகுதியாகப் பால் தரும் ஒரு மரத்தின் மொட்டை எடுத்து, எண்ணற்ற நாற்றுகளின் தண்டில் பதித்து, அதே மரத்தைத் தோட்டமெங்கும் நிற்கச் செய்ய முடிந்தது. இத்தகைய ஒரே மரத்தின் கூட்டத்தைக் குளோன் என்பர். 1925இல் நிறுவப்பட்ட மலாயா ரப்பர் ஆய்வுக்கழகம் வெளியிட்ட 'ஆர்.ஆர்.ஐ.எம். 600' என்பது ஜாவாவின் 'ஜிர் 1', மலாயாவின் 'பி.பி. 86' ஆகிய இரு குளோன்களின் சேர்க்கையால் பிறந்தது. ஒரு நிரையில் 600 நின்றால், கண்ணுக்குப் பல மரம். கருத்துக்கு ஒரே மரம்.

மலேசியத் தோட்டங்களைக் களமாகக் கொண்டு அகிலன் எழுதிய நாவலின் பெயர் 'பால்மரக் காட்டினிலே'. காடு என்ற சொல் செவிக்கு இனிமையாகவே இருக்கிறது. ஆயினும் காடு என்பது பல மரம் கூடியது. தோட்டமோ ஒரு மரம் பல இடத்தில் நிற்பது. பால்மரத்தைப் பாடிய மலேசியத் தமிழ்க் கவிஞர் பெரும்பாலோர் அதன் பாலைத் தொழிலாளியின் குருதியோடு ஒப்பிட்டனர். அது நியாயமான ஒப்புமை. ஆனால் நிரைநிரையாய் நிற்கும் ஒரே முகத்தின் அச்சத்தை அவர்கள் அவ்வளவாகக் கண்டுகொள்ளவில்லை. தென்னமெரிக்காவில் பால்மரத்தைத் தாக்கும் இலைக்கருகல் நோய், 1930களில் ஹென்றி ஃபோர்டு பிரேசிலில் அமைத்த பெருந்தோட்டங்களைப் பாழாக்கியது. அந்நோய் ஆசியாவில் பரவினால் ஒரே முகம் கொண்ட நிரைகளின் கதி என்னவாகும் என்பது ஆராய்ச்சியாளரின் நெடுநாளைய கவலை. அதனாலேயே 1981இல் பன்னாட்டு ஆய்வுக்குழு ஒன்று பிரேசிலின் காடுகளுக்குச் சென்று புதிய விதைகளைத் திரட்டிற்று. அவற்றுள் ஒரு பகுதி மலேசியாவிற்கும் வந்தது. ஒட்டுக்கட்டி உலகை வென்றவர்களே மீண்டும் காட்டு விதையைத் தேடிப் போனார்கள் என்பது நினைவிற் கொள்ளத்தக்கது.

குளோன் என்றாலே மாறாத படி என்று கொள்வதும் பிழை. செம்பனையை ஆய்வுக்கூடத்தில் திசு வளர்ப்பால் பெருக்கியபோது, 1980களில் சில மரங்களின் காய்கள் உருத்திரிந்து, எண்ணெய் குன்றிப் போயின. தாய் நல்ல மரம். மரபணு எழுத்தும் அதுவே. காய் மட்டும் வேறு. 2015இல் மலேசியச் செம்பனை வாரிய ஆய்வாளர் இதன் காரணத்தைக் கண்டனர். மரபணு எழுத்து மாறவில்லை. அதன் ஓரிடத்தில் அமைந்திருந்த வேதியியல் அடையாளம் மட்டும் வளர்ப்பு முறையால் நீங்கியிருந்தது. வளர்க்கும் முறை தவறினால் வாழையடி வாழையும் வேறொன்றாகிவிடும் என்பது இதன் பாடம்.

லாலாங்கின் பாடம்

தமிழர் வாழ்த்தில் வாழைக்கு இரு துணைகள் உண்டு. ஆலைப்போல் தழைக்கவும் அருகைப்போல் வேரூன்றவும் வாழ்த்துவது மரபு. ஆலின் விழுது தாங்கும் என்பது அனைவரும் அறிந்தது. ஆயினும் விழுது தாங்கினால் அடிமரம் இல்லாமலும் ஆல் வாழும் என்பதைக் கல்கத்தாவை அடுத்த சிப்பூர்த் தாவரத் தோட்டத்து ஆலமரம் மெய்ப்பித்தது. நோயுற்ற அதன் அடிமரத்தை 1925இல் அகற்றினர். இன்றும் ஆயிரக்கணக்கான விழுதுகளின்மேல் அம்மரம் பரந்து நிற்கிறது. தாய்நாட்டு அடிமரத்திலிருந்து பிரிந்த மக்களுக்கு இதைவிடத் தக்க உவமை கிடைப்பது அரிது.

அருகுக்கு ஒப்பாக மலேசிய மண்ணில் நிற்பது லாலாங் புல். பீடோங்கை அடுத்து அதன் பெயராலேயே சுங்கை லாலாங் என்னும் ஊர் இருக்கிறது. தமிழகத்தில் தர்ப்பை என்று சடங்கிற்குக் கொள்ளும் புற்களுள் இதுவும் ஒன்று. அங்கே விரலில் மோதிரமாகும் புல், இங்கே களையெடுப்போரின் பகை. மலாய்மொழியில் காற்றடித்த பக்கம் சாயும் லாலாங் என்பது உறுதியற்றவனைக் குறிக்கும் வழக்கு. 1987 அக்டோபரில் நாட்டில் நடந்த கைது நடவடிக்கைக்கும் லாலாங்கின் பெயரே சூட்டப்பட்டது; களை என்ற பொருளில் அப்பெயர் ஆளப்பட்டது.

உறுதியற்றது என்ற வழக்கை மண்ணுக்குக் கீழே பார்த்தவர் ஏற்கமாட்டார். லாலாங்கின் உயிர்ப்பொருளில் பாதிக்கு மேற்பட்டது தரைகீழ்த்தண்டாகவே இருக்கிறது. கூரிய முனையுடைய அத்தண்டு மண்ணுக்குள் ஓடி, கணுதோறும் புதிய புல்லை எழுப்பும். சங்குலால் கொத்தினால் தண்டு துண்டாகும். கணுவுள்ள துண்டு தனிப்புல்லாகும். தீ வைத்தால் இலை எரியும், தண்டு எரியாது. மேலும், தீக்குப்பின் அது விரைந்து தளிர்த்து வெண்பூ வெளியிடும். பூவின் விதை காற்றில் பறந்து தொலைவு செல்லும். மேலே பல புல். கீழே ஒரே உடல். சாய்வது இலை மட்டுமே.

இதை வெல்லத் தோட்டங்கள் கையாண்ட வழிகளும் கருதத்தக்கவை. ஒரு காலத்தில் நஞ்சான சோடியம் ஆர்சினைட்டைத் தெளித்தனர். பிற்காலத்தில் பாராகுவாட் வந்தது. அது தொட்ட இலையைக் கருக்கும், தரைகீழ்த்தண்டைத் தொடாது. தெளித்தோரின் உடலைத்தான் அது வருத்திற்று. 2020 முதல் மலேசியாவில் அதற்குத் தடை. உண்மையில் லாலாங்கை அடக்கியது நிழல். பியூரேரியா முதலிய மூடுபயிர்க் கொடிகளை நிரைகளின் இடையே படரவிட்டால், ஒளியின்றி லாலாங் மெல்லமெல்ல அடங்கும். கத்திக்கும் தீக்கும் நஞ்சுக்கும் அஞ்சாத உயிர், வெளிச்சம் மறைக்கப்பட்டால் மாய்கிறது. சமுதாயத்தை உவமித்துப் பேசுவோர் இக்கருத்தையும் சேர்த்துப் பேசுதல் வேண்டும். வேரூன்றுதல் மட்டும் போதாது, வெளிச்சமும் வேண்டும்.

குளிர்நாட்டு ஆய்வுகள்

இத்தகைய செடிகளை மிக நுணுகி ஆராய்ந்தவர் குளிர்நாட்டு அறிஞர். அந்நாடுகளின் புல்வெளிகளிலும் காட்டுத் தரைகளிலும் பல்லாண்டுச் செடிகள் பெரும்பாலும் இவ்வாறே பரவுகின்றன. பிரித்தானிய அறிஞர் ஜான் ஹார்ப்பர் 1977இல் வெளியிட்ட தாவர மக்கள்தொகை பற்றிய பெருநூல் ஓர் எளிய வினாவை எழுப்பிற்று: புல்வெளியில் எத்தனை செடி இருக்கிறது? கண்ணுக்குத் தெரியும் தண்டுகளை எண்ணினால் ஒரு விடை. ஒரு விதையிலிருந்து வந்த உயிர் எத்தனை என்று எண்ணினால் மற்றொரு விடை. முன்னதை ராமட் என்றும் பின்னதை ஜெனட் என்றும் அவர்கள் வழங்கினர். ஆயிரம் ராமட் நிற்கும் இடத்தில் ஒரே ஜெனட் இருக்கக்கூடும். எண்ணிக்கையின் பெருக்கம் வேறு, வகையின் பெருக்கம் வேறு என்பது இதனால் தெளிவாயிற்று.

அமெரிக்காவின் யூட்டா மாநிலத்தில் பாண்டோ எனப் பெயரிட்ட ஆஸ்பென் தோப்பு ஒன்று உண்டு. 43 ஹெக்டேர் பரப்பில் ஏறத்தாழ 47,000 தண்டுகள், வேர் ஒன்று, உயிர் ஒன்று. தீயும் பனியும் அதைக் கொல்லவில்லை. ஆனால் 2018இல் வெளிவந்த ஆய்வு, அது உள்ளேயே மெலிந்து வருவதைக் காட்டிற்று. முதிய தண்டுகள் சாகின்றன. வேரிலிருந்து எழும் இளந்தளிரை மான்கள் மேய்ந்துவிடுகின்றன. வேலியிட்ட சில பகுதிகளில் மட்டும் இளந்தண்டுகள் எழுகின்றன. வேர் எவ்வளவு தொன்மையாயினும், இளந்தளிருக்கு வேலி இல்லையேல் தோப்பு இல்லை.

ஒரே வகை எனத் தோன்றுவதிலும் வேறுபாடு உண்டு. வட வேல்ஸ் பகுதிப் புல்வெளி ஒன்றில் தரையோடு படரும் வெள்ளைக் குளோவரை டர்க்கிங்டன், ஹார்ப்பர் இருவரும் ஆராய்ந்து 1979இல் முடிவை வெளியிட்டனர். வெவ்வேறு புல்லின் அருகே வளர்ந்த குளோவரைப் பெயர்த்து மாற்றி நட்டபோது, ஒவ்வொன்றும் தன் பழைய அண்டைப் புல்லோடு நட்ட இடத்திலேயே சிறந்து வளர்ந்தது. அண்டையாரோடு பழகிய பழக்கம் செடிக்கும் உண்டு என்றே சொல்லலாம். மலாய்க்காரரோடும் சீனரோடும் தலைமுறைகளாக வாழ்ந்த தமிழர்க்கு இது விளங்காத செய்தி அன்று.

சுவீடன் நாட்டு ஓவே எரிக்சன் 1989இல் இச்செடிகளின் குடியேற்றத்தை இரண்டாகப் பிரித்தார். சில இடங்களில் விதைகள் தொடக்கத்தில் ஒருமுறை மட்டும் வந்து முளைக்கும். பின்னர் அங்கே நடப்பதெல்லாம் அடியிலிருந்து எழும் பெருக்கமே. வேறு சில இடங்களில் புதிய விதைகள் அவ்வப்போது வந்து சேர்ந்துகொண்டே இருக்கும். முதல் வகைக் கூட்டத்தில் காலம் செல்லச் செல்ல வகைகள் குறையும். தோட்டங்களுக்கு உதவிபெற்றுத் தொழிலாளர் குடியேறுவதை இந்திய அரசு 1938இல் நிறுத்தியது. அதன்பின் தோட்டத் தமிழர் பெரும்பாலும் முதல் வகைக் கூட்டமாகவே வாழ்ந்தனர் எனலாம். புதிய விதை முளைக்க வேண்டுமாயின், பழைய செடிகளிடையே ஓர் இடைவெளி திறக்க வேண்டும் என்பதைப் பீட்டர் கிரப் 1977இல் விளக்கினார். இடைவெளியின் அளவும், ஒளியும், ஈரமும், காலமும் பொருந்தினாலன்றி விதை வெறும் விதையாகவே கிடக்கும்.

பீடோங்கில் ஒரு நாவல்

இக்கருத்துகளைக் கொண்டு படிக்கத்தக்க நாவல் ஒன்று கெடா மண்ணிலேயே பிறந்தது. பீடோங்கில் 1942இல் பிறந்து 2020இல் மறைந்த கே. எஸ். மணியம் ஆங்கிலத்தில் எழுதி 1981இல் வெளியிட்ட 'தி ரிட்டர்ன்' அது. ஆங்கிலத்தில் எழுதப்பட்டமையால் தமிழ்ப் படிப்பாளர் பலர் அதை நெருங்கவில்லை. ஆனால் அதன் மூச்சு முழுதும் தமிழ்க் குடும்பத்தின் மூச்சே.

பெரியதாய் என்னும் பாட்டி இந்தியாவிலிருந்து பிள்ளைகளோடு வந்து, உழைத்துத் தனக்கென ஒரு வீட்டை எழுப்புகிறாள். வீடு அவளுடையது, நிலம் அவளுடையதன்று. அவள் மகனாகிய நைனா சலவைத் தொழிலில் உழைத்து ஓய்ந்து, முதுமையில் தாயைப் போலவே மண்ணில் வேர்கொள்ள விழைந்து, தனக்கு உரிமையில்லாத நிலத்தில் குடிலமைத்து, இறுதியில் தீக்கிரையாகிறான். பேரன் இரவி ஆங்கிலப் பள்ளியில் பயின்று, ஆசிரியர் பயிற்சிக்கு இங்கிலாந்து சென்று திரும்புகிறான்.

இக்கதையைத் தலைமுறை இடைவெளியின் கதை என்று சொல்லி நிறுத்திவிடுவது எளிது. ஆனால் மணியம் காட்டுவது இரண்டு வகைப் பரவல்களின் மோதல். பாட்டியும் தந்தையும் அடியிலிருந்து எழுபவர். நிலத்தைப் பற்றுவதே அவர்தம் வாழ்வு. இரவி காற்றிற் செல்லும் விதை. பள்ளி என்னும் இடைவெளி திறந்ததால் வேறிடத்தில் முளைத்தவன். தந்தையைப் போல் மண்ணைப் பற்ற அவனால் இயலவில்லை. தந்தையின் மொழியில் அவருக்கு விடைசொல்லவும் இயலவில்லை. நைனாவின் முடிவைப் படிப்போர்க்கு லாலாங் நினைவுக்கு வரலாம். தீக்குப்பின் லாலாங் எழும், நைனா எழவில்லை. ஏன்? அவன் வேரின் கீழ் நிலம் அவனுடையதாக இல்லை. வேரின் வலிமை பற்றிய பேச்சனைத்தும் நிலவுரிமை என்னும் கேள்வியில் வந்து முட்டும் என்பதை மணியம் ஒரு வரியும் உபதேசமின்றி உணர்த்திவிடுகிறார். நாவலின் பெருமை அதுவே.

குறையும் இல்லாமல் இல்லை. இரவியின் வழியே கதை செல்வதால், பாட்டியின் உழைப்பு ஒளிபெற்றாலும் நைனாவின் மனம் புறத்தேயிருந்தே காட்டப்படுகிறது. விதையின் கண் கொண்டு வேரைப் பார்ப்பதால் வரும் குறை இது. ஒரு வேளை அதுவே ஆசிரியரின் கருத்தாகவும் இருக்கலாம். எனினும் நைனா என்ன எண்ணினான் என்ற வினா படிப்போர் நெஞ்சில் விடையின்றியே நிற்கிறது.

உவமையின் மெய்ப்பொருள்

எனின், வாழையடி வாழை என்ற தொடரை விட்டுவிட வேண்டுமா? வேண்டா. அதை எதற்குச் சொல்வது என்பதில் தெளிவு வேண்டும். மக்கட்பிறப்பு எதுவும் வாழைக்கன்று அன்று. தாயும் தந்தையும் கலந்து பிறக்கும் ஒவ்வொரு குழந்தையும் விதைவழி வந்த புத்துயிர். முன்பு இருந்ததில்லை, மறுமுறை வரப்போவதும் இல்லை. வாழைபோல் மாறாமல் தொடர்வது பழக்கமும் தொழிலும் நம்பிக்கையும் மொழியுமே. வள்ளலார் திருவருட்பாவில் இத்தொடரை ஆண்டபோது குருதி மரபைச் சொல்லவில்லை; அடியார் கூட்டத்தின் மரபையே சொன்னார். பிறப்பால் தொடராத ஒன்று, ஒருவர் மற்றொருவர்க்குக் கொடுப்பதால் தொடர்கிறது என்னும் கருத்து அங்கே நுட்பமாக அமைந்துள்ளது. மேடையில் வழங்கும் பொருளினும் அந்தப் பொருள் வாழையின் இயல்போடு நன்கு பொருந்துகிறது.

ஆகவே இத்தொடர் மொழிக்குப் பொருந்தும், தொழிலுக்குப் பொருந்தாது. மகன் தந்தையின் கத்தியைத்தான் எடுக்கவேண்டும் என்பது வாழ்த்தாகாது. மகள் தாயின் மொழியைப் பெறவேண்டும் என்பது வாழ்த்தாகும். ஈட்டிக் கன்று தாய்க்கிழங்கோடு இணைந்து உண்டு, அடி பருத்தபின் இலை விரிப்பதுபோல், குழந்தை தாய்மொழியில் முதலில் உரம்பெற்றுப் பிற மொழிகளில் விரிவது நன்று. தொடக்கத்திலேயே அகன்ற இலையைக் காட்டும் நீர்க் கன்றைக் கண்டு மயங்கும் பெற்றோர் பலர். மலேசியாவில் இன்றும் ஐந்நூறுக்கு மேற்பட்ட தமிழ்ப்பள்ளிகள் உள்ளன. தோட்டத்தை விட்டு மக்கள் பெயர்ந்துவிட்டதால் அவற்றுள் பலவற்றில் பிள்ளைகள் சிலரே. கிழங்கு இருக்கிறது, இளந்தளிருக்கு வேலி யார் இடுவது என்பதே கேள்வி.

அதே வேளையில் ஒட்டுமரமும் ஒரு பாடம் சொல்கிறது. நிரையில் நிற்கும் 600க்கு மேற்பகுதி ஒரே மாதிரி; அடியில் உள்ள வேரோ ஒவ்வொன்றும் தனி விதையிலிருந்து வந்தது. ஒட்டிய இடம் பருத்து யானைக்கால்போல் தெரிவதைச் சீவுவோர் அனைவரும் அறிவர். விளைச்சலைப் புகழ்வோர் மேலே உள்ள குளோனின் பெயரையே சொல்வர். மண்ணைப் பற்றி நிற்கும் வேருக்குப் பெயர் இல்லை. தோட்டங்களின் வரலாற்றிலும் இவ்வாறே நிறுவனங்களின் பெயர் நின்றது. ஏந்தி நின்றோர் பெயர் நிற்கவில்லை. பால்மரத்தைப் பாடும் கவிஞர் இனியேனும் இந்த ஒட்டின் தழும்பைப் பார்த்துப் பாடலாம்.

கெடாவின் ஆற்று முகத்துவாரங்களில் நிப்பா வளர்கிறது. கூரைக்கு அத்தாப்பு தரும் அப்பனையின் தண்டு மேலே தெரியாது. சேற்றுக்குள் படுத்து, இரண்டிரண்டாகக் கிளைத்து, கரையைப் பற்றிக்கொள்ளும். அதன் காயோ நீரில் விழுந்து, மிதந்துகொண்டே முளைவிட்டு, வேறு கரை சேரும். பற்றுவதும் பரவுவதும் ஒரே செடியில் அமைந்திருக்கின்றன. திருமண மேடையில் வாழையை வாழ்த்துவோர், வாயிலுக்கு வெளியே ஆற்றங்கரையில் நிற்கும் இந்த நிப்பாவையும் ஒருமுறை பார்த்துவிட்டு வாழ்த்தினால், வாழ்த்தும் மெய்யாகும். வாழ்வோர்க்கும் வழி இரண்டாகும்.